வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய்வருவது: கோலாலம்பூர் மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

செந்தூலில் மூன்று அறை பிளாட்டில் ஆறு பேரோடு இருந்துகொண்டுதான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் என் பட்டப்படிப்பை முடித்தேன். அதன்பிறகு என் தம்பி, சித்தப்பா மகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் என நான்கு பேர் வீட்டிலிருந்தே போய்வந்து படித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நால்வருமே முதல் செமஸ்டரில் தடுமாறினார்கள், அதுவும் ஏறக்குறைய ஒரே இடத்தில். "எனக்குத் தனி அறை வேண்டும்", "என்னை வேலை வாங்காதீர்கள்" என்று கேட்பதில் தொடங்கினார்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் தங்களுக்கு வேண்டும் என்பது அவர்களுக்கே தெரியவில்லை. பிறகு வீட்டாருக்கு எப்படித் தெரியும்?

அதனால் கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். முதலில் கணக்கு, அடுத்து பேச்சு. வேலைப் பங்கீடு, படிக்கும் இடம், பணம் எல்லாம் அதற்குப் பிறகு.

தொடங்கும் முன் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: கல்லூரியின் கல்வி நாட்காட்டி, உங்கள் வகுப்பு அட்டவணை, வீட்டில் வேலைக்குப் போகிறவர்களின் ஷிப்ட் நேரம், தம்பி தங்கையின் பள்ளி, டியூஷன் நேரம், பாட்டி தாத்தா இருந்தால் அவர்களின் கிளினிக் அட்டை. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பின்னால் சண்டை வருவதும் அதனால்தான்.

1. பயணத்தை மூன்று தடவை அளந்து பாருங்கள்

வகுப்பு தொடங்கும் முன், அதிலும் விடுதிக்கு மனு செய்யும் கெடு முடியும் முன் இதைச் செய்ய வேண்டும். பயணம் தாங்காது என்று செமஸ்டர் நடுவில் தெரிந்தால் விடுதியில் இடம் கிடைப்பது கடினம்.

முதல் தடவை, வேலை நாளில் காலை 8 மணி வகுப்புக்குப் போவது போலக் கிளம்புங்கள். இரண்டாம் தடவை, மாலை 5.30-க்கு வளாகத்திலிருந்து வீடு திரும்பிப் பாருங்கள். மூன்றாம் தடவை மழை பெய்யும் மாலையில். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இங்கே பிற்பகலில் இடியோடு கொட்டும். அந்த நேரத்தில் எல்லாமே தாமதமாகும்.

வீட்டுக் கதவைப் பூட்டும் நேரத்திலிருந்து வகுப்பில் நாற்காலியில் உட்காரும் நேரம் வரை எண்ணுங்கள். ரயில் ஓடும் நேரத்தை மட்டும் எண்ணுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. என் வழியைச் சொல்கிறேன்: பிளாட்டிலிருந்து செந்தூல் எல்ஆர்டி (இலகு ரயில்) நிலையத்துக்கு நடை, மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்கி கெலானா ஜெயா தடத்துக்கு மாறுவது, யுனிவர்சிட்டி நிலையத்தில் இறங்கி டி789 பேருந்துக்கு வரிசை, வளாகத்துக்குள் மீண்டும் நடை. ரயிலில் இருந்தது 35, 40 நிமிடம்தான். ஆனால் கதவிலிருந்து நாற்காலிக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. மழை நாளில் ஒன்றரை மணி நேரத்தையும் தாண்டியது. பேருந்து வரிசைக்காக மட்டுமே நான் 20 நிமிடம் தனியாக ஒதுக்கி வைத்திருந்தேன்.

ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் விடுதிக்கு மனுப் போடுங்கள். வாரத்துக்கு 20 மணி நேரம் சாலையில் போனபிறகு படிக்க உடம்பில் தெம்பு இருக்காது. தாதியர் படிப்பு, ஆய்வகம் நிறைந்த பொறியியல் படிப்பு போன்றவற்றுக்கு ஒன்றரை மணி நேரமே அதிகம் என்பது என் கருத்து.

மோட்டார் வாங்கிக் கொடுங்கள் என்று முதல் செமஸ்டரிலேயே கேட்காதீர்கள். நேரம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் தூக்கம் குறைந்த பிள்ளை காலை நெரிசலில் கப்சாய் (சிறிய மோட்டார் சைக்கிள்) ஓட்டிக்கொண்டு போகும்போது வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இருக்காது. ரயிலில் நின்றுகொண்டு போனாலும் காதில் விரிவுரைப் பதிவைக் கேட்கலாம். காலையில் புத்தகம் விரிக்க இடம் கிடைக்காது, அதை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

2. படிக்க வேண்டிய மணி நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

மலேசிய உயர்கல்வியில் ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேரக் கற்றல் என்று வைத்திருக்கிறார்கள். வகுப்பு, சொந்தப் படிப்பு, அசைன்மெண்ட், பரீட்சை எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரு செமஸ்டரில் 15 கிரெடிட் எடுத்தால் 600 மணி நேரம். 14 வார வகுப்பும் அதன்பின் வரும் படிப்பு விடுமுறையும் பரீட்சையும் சேர்ந்து சுமார் 18 வாரம் என்றால், வாரத்துக்கு 33 மணி நேரம் வரும்.

இதில் வகுப்புக்கு 17, 18 மணி நேரம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 15 மணி நேரம் உங்கள் கையில். ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் ஐந்து நாளில் பயணமும் 15 மணி நேரம். அதாவது, விடுதியில் இருக்கும் நண்பர் படித்து முடிக்கும் அதே அளவு நேரத்தை நீங்கள் ரயிலில் கழிக்கிறீர்கள். அப்புறம்தான் வீட்டில் படிக்கத் தொடங்கவேண்டும்.

இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதுங்கள்: "பயணம் 15, வீட்டில் படிப்பு 15." அடுத்த படிக்கு இந்தத் தாள் வேண்டும்.

3. அப்பா அம்மாவிடம் பேசுங்கள், வகுப்பு தொடங்கும் முன்

முதல் சண்டைக்குப் பிறகு பேசினால் அது சாக்குச் சொல்வது போலத்தான் கேட்கும். முன்கூட்டியே பேசினால் திட்டமாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பசியாறிய பிறகு, எல்லோரும் மேசையில் இருக்கும் நேரம் நல்ல நேரம். அம்மா சமைத்துக்கொண்டிருக்கும்போது அடுப்படி வாசலில் நின்று பேசாதீர்கள்.

என் அப்பா தொழிற்சாலை பஸ் ஓட்டினார். கிரெடிட் என்று சொன்னபோது அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "அப்பா, வகுப்பு எனக்கு ஷிப்ட் மாதிரி. அது முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு வாரத்துக்கு 15 மணி நேரம் ஓவர்டைம் இருக்கு. அதைச் செய்யாவிட்டால் சம்பளம் கிடைக்காது" என்றேன். தாளை வாங்கிப் பார்த்தார். "அப்போ நீ எத்தனை மணிக்கும்மா தூங்குவே?" என்று கேட்டார். அன்றிலிருந்து இரவு 9 மணிக்கு மேல் என்னை யாராவது கூப்பிட்டால் அவரே எழுந்துபோய்ப் பார்த்துக்கொண்டார். உங்கள் வீட்டில் எந்த வேலை பழக்கமோ அந்த வேலையின் சொல்லை எடுத்துப் பேசுங்கள்.

இன்னொன்றையும் கட்டாயம் விளக்குங்கள். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ இறுதிப் பரீட்சை) வரை படித்த பெற்றோருக்குப் படிப்பு என்றால் ஆண்டு இறுதியில் வரும் பரீட்சை. பரீட்சை பக்கத்தில் இல்லாவிட்டால் பிள்ளை சும்மா இருக்கிறது என்று நினைப்பார்கள். கல்லூரியில் பல பாடங்களில் பாதி மதிப்பெண் வரை செமஸ்டர் நடுவிலேயே அசைன்மெண்ட், சிறு தேர்வு, ப்ரசெண்டேஷன் என்று போய்விடும். எந்தப் பாடத்தில் எத்தனை விழுக்காடு என்பது பாடத்திட்டத் தாளில் இருக்கும். அதைக் காட்டுங்கள். இதைச் சொல்லாமல் விட்டதால்தான் என் தம்பி நான்காம் வாரத்தில், "பரீட்சை இல்லையே, அத்தை வீட்டுக்கு வா" என்று இழுக்கப்பட்டு, ஓர் அசைன்மெண்டைத் தவறவிட்டான்.

விடுதிக்குப் போகும் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். "அவனுக்கு அவன் அப்பா அறை எடுத்துக் கொடுத்தார்" என்ற ஒரு வாக்கியம் போதும், அதற்குமேல் அந்தப் பேச்சு நகராது.

4. ஐஸ்பெட்டிக் கதவில் அட்டவணை ஒட்டுங்கள்

கல்லூரி கொடுக்கும் அட்டவணையை அப்படியே ஒட்டுவது வீண். அதில் பாடக் குறியீடும் மண்டப எண்ணும் மட்டும்தான் இருக்கும். பாட்டிக்கு அது எதற்கு? வீட்டாருக்கு வேண்டியது ஒரே விவரம்: இந்த நேரத்தில் பிள்ளையைக் கூப்பிடலாமா, கூடாதா?

ஒரு வெள்ளைத் தாளில் ஏழு நாளையும் கட்டம் போடுங்கள். வீட்டில் இல்லாத நேரத்துக்குச் சிவப்பு. அதில் பயணத்தையும் சேர்த்து நிரப்புங்கள், வகுப்பை மட்டும் நிரப்பினால் 5 மணிக்கு வகுப்பு முடிந்தவள் 6.30 வரை எங்கே என்ற கேள்வி வரும். வீட்டில் இருந்தும் படிக்கிற நேரத்துக்கு மஞ்சள். மிச்சமெல்லாம் பச்சை. எழுத்தெல்லாம் தமிழில், பெரிதாக.

பச்சை நிறையத் தெரிய வேண்டும். என் சித்தப்பா மகள் முதலில் எழுதிய தாளில் சனி, ஞாயிறு உட்பட எல்லாம் மஞ்சள். யாரும் அதை நம்பவில்லை, ஒரு வாரத்தில் அதன்மேல் மளிகைக் கடை விளம்பரத் தாள் ஏறிவிட்டது. இரண்டாம் தடவை சனிக்கிழமை முழுவதையும் பச்சையாக விட்டாள். அந்தத் தாள் செமஸ்டர் முடியும்வரை கிழியவில்லை. பாட்டி ஐஸ்பெட்டியைத் திறந்து தயிர் எடுக்கும்போது கதவில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இப்போ மஞ்சளா?" என்று கேட்டபிறகுதான் அவளைக் கூப்பிடுவார்.

இணையவழி வகுப்பு இருந்தால் அதற்கும் சிவப்புதான். வீட்டில் உட்கார்ந்திருப்பதால் கைப்பேசியில் விளையாடுவதாக நினைப்பார்கள். ஹெட்போன் காதில் இருந்தால் வகுப்பு நடக்கிறது என்று ஓர் அடையாளம் பேசிக்கொள்ளுங்கள். பாட்டுக் கேட்க அதையே மாட்டாதீர்கள், அடையாளம் கெட்டுவிடும்.

5. வீட்டு வேலையில் உங்கள் பங்கை நீங்களே கேட்டு வாங்குங்கள்

"கூப்பிடும்போது செய்கிறேன்" என்று சொல்லும் பிள்ளையை எந்நேரமும் கூப்பிடுவார்கள். "இந்த மூன்றும் என் பொறுப்பு" என்று சொன்ன பிள்ளையை மற்றதற்குக் கூப்பிடத் தயங்குவார்கள். வேலை குறைவதைவிட, எப்போது வரும் என்று தெரிவதுதான் படிக்கிறவருக்கு வேண்டும்.

நேரம் தவறினாலும் யாரும் பட்டினி கிடக்காத வேலைகளைத் தேர்ந்தெடுங்கள்: வாரத் துணி துவைப்பது, இஸ்திரி, குளியலறை கழுவுவது, மாத பில் கட்டுவது. மாலைச் சமையலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ரயில் தாமதமான ஒரு நாளில் வீடே உங்களுக்காகக் காத்திருக்கும், அது பெரிய மனக்கசப்பில் முடியும்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நான் பார்த்த வீடுகளிலெல்லாம் தம்பியைவிட அக்காவிடம்தான் இரண்டு மடங்கு வேலை போனது, இருவரும் கல்லூரியில் படித்தபோதும். இதை வாய்வார்த்தையாகச் சொன்னால் வாக்குவாதம் வரும். யார் எந்த வேலை என்று அதே ஐஸ்பெட்டித் தாளின் அடியில் எழுதிவிடுங்கள். எழுத்தில் பார்த்த பிறகு என் அம்மாவே தம்பியைக் கூப்பிட்டுப் பாத்திரம் கழுவச் சொன்னார். அம்மாக்கள் நியாயம் தெரிந்தவர்கள்தான், கண்ணில் பட வேண்டும்.

அடுத்து கிளினிக். அரசாங்க கிளினிக்கில் மலேசியர்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). ஆனால் இனிப்புநீர் (நீரிழிவு), இரத்த அழுத்தப் பரிசோதனைக்குப் போனால் எண் எடுத்து, இரத்தம் கொடுத்து, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி வர ஒரு காலைப்பொழுது போய்விடும். வீட்டில் இருக்கும் கல்லூரிப் பிள்ளைதான் கூட்டிப்போக வேண்டும் என்று தானாகவே முடிவாகிவிடும். போங்கள், பாட்டிக்குத் துணை வேண்டும். ஆனால் அடுத்த தேதி எழுதும்போது கவுண்டரில் உங்கள் வகுப்பில்லாத நாளைக் கேளுங்கள். பெரும்பாலும் கொடுப்பார்கள். தேதி எழுதிய பிறகு மாற்றுவதுதான் சிரமம்.

6. படிக்கும் இடம்

தனி அறை இல்லாவிட்டாலும் படிக்கலாம். தேவை ஒரு மூலையும் நிலையான நேரமும்தான்.

எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசைதான் என் இடம். ஆஸ்ட்ரோவில் தொடர் முடியும்வரை அங்கே உட்காரமாட்டேன். ஒன்பதரைக்கு மேசையைத் துடைத்து, விளக்கை நகர்த்தி, பன்னிரண்டு வரை. அதற்கு முன்னால் இருக்கும் நேரத்தில் சாப்பிட்டு, அம்மாவோடு உட்கார்ந்து தொடர் பார்த்து, துணி மடிப்பேன். தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்லி நான் கேட்டதே இல்லை. நாளெல்லாம் உழைத்தவர்களுக்கு அந்த ஒன்றரை மணி நேரம்தான் ஓய்வு.

புத்தகங்களை ஒரே பெட்டியில் அல்லது கூடையில் வையுங்கள். மேசையை ஐந்து நிமிடத்தில் விரிக்கவும் மடக்கவும் முடிய வேண்டும். காலையில் அம்மா இட்லி வைக்கும் மேசையில் உங்கள் நோட்டு கிடந்தால் அந்த மேசை உங்களுக்கு நெடுநாள் கிடைக்காது.

பரீட்சை வாரத்தில் வீட்டை நம்பாதீர்கள். வகுப்பு முடிந்ததும் கல்லூரி நூலகத்திலேயே இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு நெரிசல் தணிந்ததும் கிளம்புவது நல்ல பழக்கம். வார இறுதியில் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகம், டத்தாரான் மெர்டேகா பக்கம் உள்ள கோலாலம்பூர் நூலகம் இரண்டும் நல்ல இடங்கள். ஷா ஆலம் பக்கம் இருப்பவர்களுக்கு ராஜா துன் ஊடா நூலகம். திறக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

7. பணக் கணக்கு

மை50 பாஸ் 50 வெள்ளிக்கு 30 நாள். ரெபிட் கேஎல்லின் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், பேருந்து எல்லாவற்றிலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். மலேசியர்களுக்கு மட்டும், மைகார்டு (அடையாள அட்டை) காட்டி வாங்க வேண்டும். இரண்டு தவறுகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, கேடிஎம் கொமுட்டர் புறநகர் ரயிலிலும் செல்லும் என்று நினைப்பது. செல்லாது. பத்துமலை, ரவாங், கிள்ளான் பக்கமிருந்து கொமுட்டரில் வருகிறவர்கள் அந்தக் கட்டணத்தைத் தனியாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டாவது, செமஸ்டர் விடுமுறைக்கு நான்கு நாள் முன்பு பாஸ் புதுப்பிப்பது. பயணம் செய்தாலும் செய்யாவிட்டாலும் நாள் ஓடிக்கொண்டே இருக்கும். நாட்காட்டியைப் பார்த்துப் புதுப்பியுங்கள்.

பிடிபிடிஎன் (அரசாங்க உயர்கல்வி நிதி) கடன் எடுத்தால் பணம் செமஸ்டருக்கு ஒருமுறை மொத்தமாக வரும். கல்லூரிக் கட்டணம் போக மிச்சம்தான் உங்கள் கணக்கில் சேரும், அதுவும் செமஸ்டர் தொடங்கிச் சில வாரம் கழித்து. ஆகவே முதல் மாதச் செலவுக்குக் கையில் வேறு பணம் வேண்டும்.

மொத்தமாகப் பணம் வந்ததும் வீட்டில் ஏதாவது ஒரு தேவை எழும். சாலைவரி, தங்கையின் பள்ளிக் கட்டணம், எதுவாகவும் இருக்கலாம். வீட்டுக்குக் கொடுப்பதில் தவறில்லை; வீட்டுச் சோறு சாப்பிடுகிறோம். ஆனால் அந்தக் கடன் உங்கள் பெயரில் இருக்கிறது, ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணத்தோடு நீங்கள்தான் திருப்பிக் கட்ட வேண்டும். மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை முதலிலேயே பேசி, அதை மாதாமாதம் அம்மா கையில் கொடுங்கள். என் தோழி ஒருத்தி வந்த பணத்தில் பாதியை ஒரே நாளில் கொடுத்துவிட்டு, கடைசி ஆறு வாரம் மதியச் சாப்பாட்டைத் தவிர்த்தாள். வீட்டில் யாருக்கும் அது தெரியாது. தெரிந்திருந்தால் அவள் அம்மா விட்டிருக்கமாட்டார்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். செலவு மிச்சம் என்பதோடு, மதியம் வரிசையில் நிற்கும் அரை மணி நேரமும் மிச்சம்.

8. குழு வேலையும் இரவுப் பயணமும்

குழு அசைன்மெண்டில் நான்கு பேர் விடுதியில் இருந்து, நீங்கள் ஒருவர் மட்டும் வீட்டிலிருந்து வந்தால், சந்திப்பு இரவு 9 மணிக்கு விடுதி சிற்றுண்டிச்சாலையில் என்று முடிவாகும். முதல் சந்திப்பிலேயே, வேலையைப் பிரிக்கும் முன்பே, "எனக்கு இத்தனை மணிக்கு ரயில். மாலை 5 முதல் 7 வரை நேரில் இருப்பேன், இரவு 9.30-க்கு மேல் இணையத்தில் இருப்பேன்" என்று சொல்லிவிடுங்கள். பின்னால் சொன்னால் தட்டிக்கழிப்பதாக நினைப்பார்கள். அதோடு தகவல் திரட்டுவது, முதல் வரைவு எழுதுவது போன்ற முன்வேலையைக் கேட்டு வாங்குங்கள். ரயிலில் யோசிக்கலாம், வீட்டில் தட்டச்சு செய்யலாம். கடைசி இரவு ஸ்லைடு ஒட்டும் வேலை விடுதியில் இருப்பவர்களுக்குப் பொருந்தும்.

இரவு தாமதமாகும் நாளில் மூன்று குறுஞ்செய்தி போதும்: வளாகத்தை விட்டுக் கிளம்பும்போது, ரயில் மாறும்போது, கடைசி நிலையத்துக்கு இரண்டு நிலையம் முன்பு. மூன்றாவது செய்தியைப் பார்த்துத்தான் அப்பா நிலையத்துக்குக் கிளம்புவார். இந்தப் பழக்கத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் "எங்கே இருக்கே?" என்று அழைப்பு வருவது நின்றது. கேட்கும் முன் சொல்லிவிட்டால் பெற்றோர் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துத் தருவார்கள். கொமுட்டரில் வரும் பெண்கள் மகளிர் பெட்டியில் ஏறுங்கள்.

ரயில் சேவை நள்ளிரவை ஒட்டி முடியும். பேருந்து அதற்கு முன்பே குறையத் தொடங்கும். வளாகத்திலிருந்து 10 மணிக்குமேல் கிளம்புவதாக எந்தத் திட்டமும் போடாதீர்கள்.

9. திருவிழா, கல்யாணம், கருமாதி

பல கல்லூரிகளில் 80 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. வாரம் ஒருமுறை நடக்கும் வகுப்பு என்றால் 14-இல் இரண்டைத்தான் விடலாம். மூன்று விட்டால் 80-க்குக் கீழே போய்விடும். இந்தக் கணக்கை அம்மாவிடம் சொல்லி வையுங்கள். "அந்த இரண்டையும் எதற்கு வைத்துக்கொள்ளலாம்?" என்று அவரையே கேளுங்கள். என் அம்மா அன்றைக்கே, "நிச்சயதார்த்தத்துக்கு வேண்டாம், கல்யாணத்துக்கு வா" என்று பிரித்துவிட்டார்.

தீபாவளி பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில், அசைன்மெண்ட் குவியும் நேரத்தில் வரும். தைப்பூசம் ஜனவரி அல்லது பிப்ரவரியில். அக்டோபரில் தொடங்கும் செமஸ்டருக்கு அது பரீட்சையை ஒட்டி வரலாம். காவடி எடுப்பதாக வேண்டுதல் இருந்தால் விரத நாட்களையும் சேர்த்து, பரீட்சை அட்டவணை வந்த அன்றே எண்ணிப் பாருங்கள். ஜாலான் ஈப்போ, செந்தூல் பக்கம் இருப்பவர்கள் இரதம் போகும் இரவில் சாலைகள் மூடப்படும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மறுநாள் பரீட்சை என்றால் அந்த இரவைத் தோழி வீட்டில் கழிப்பது நல்லது.

பண்டிகைக்கு மறுநாள் ப்ரசெண்டேஷன் வைத்தால் விரிவுரையாளரிடம் இரண்டு வாரம் முன்பே மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். முதல்நாள் இரவு கேட்டால் யாரும் இரங்கமாட்டார்கள்.

சாவு சொல்லிக்கொண்டு வராது. போய் நில்லுங்கள். இறப்புப் பத்திரத்தின் நகலை வாங்கி, வகுப்புக்குத் திரும்பும் முதல் நாளே துறை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்துக் கொண்டுபோனபோது, என் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தேர்வு மதிப்பெண் போனது போனதுதான்.

10. ஏழாம் வாரத்தில் தாளைக் கழற்றிப் பாருங்கள்

செமஸ்டர் பாதியில் ஐஸ்பெட்டித் தாளை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடியும் எல்லோரும் உட்காருங்கள். எந்த மஞ்சள் நேரத்தில் உண்மையில் படிக்க முடிந்தது, எதில் முடியவில்லை என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை மஞ்சள் ஒருநாளும் நடக்கவில்லை. அம்மா கோயிலுக்குக் கிளம்புவார், தம்பியின் நண்பர்கள் வருவார்கள். அதைப் பச்சையாக்கிவிட்டு ஞாயிறு விடியற்காலை இரண்டு மணி நேரத்தை மஞ்சளாக்கினேன்.

அப்படியே பரீட்சை மூன்று வாரத்துக்கு மட்டும் உங்கள் வீட்டு வேலையை யார் எடுத்துக்கொள்வார்கள் என்றும், விடுமுறையில் நீங்கள் அவர்களுக்கு எதைத் திருப்பிச் செய்வீர்கள் என்றும் பேசி, புதுத் தாளில் தேதியோடு எழுதுங்கள். பழைய தாளை எறிந்துவிடாதீர்கள். அடுத்த செமஸ்டர் அட்டவணை வந்ததும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் புதிய கட்டங்களை நிரப்ப வேண்டும்.